அக்கா போட்ட கோடு

ஆண் என்றால் சதுரம். பெண் என்றால் வட்டம். இறந்துபோனவர் என்றால் அந்தச் சதுரத்துக்குள்ளோ வட்டத்துக்குள்ளோ ஒரு பெருக்கல் குறி. இரண்டு பேர் ஒட்டுதலாக இருந்தால் நடுவில் இரட்டைக்கோடு. உயிருக்கு உயிராக இருந்தால் மூன்று கோடு. பட்டும் படாமலும் இருந்தால் புள்ளிக்கோடு. பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தால் கோட்டை நடுவில் வெட்டி இரண்டு சின்னக் குறுக்குக்கோடு. சண்டை என்றால் மேலும் கீழுமாக நெளிந்து போகும் கோடு. அடி, உதை, பயம் என்றால் அதே நெளிகோடு இன்னும் நெருக்கமாக, ரம்பப் பல் மாதிரி. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பத்தையும் ஒரு தாளில் அடக்கிவிடலாம் என்று சமூகப்பணி எம்.ஏ. முதல் வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் துறைக்குப் புதிதாக வந்த பேராசிரியை சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். வரும்போது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, சைக்ளோஸ்டைல் எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். மை காயாத தாள். வாங்கிய எல்லோர் விரலிலும் கறை ஒட்டிக்கொண்டது. அவரவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்து, யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன ஓடுகிறது என்பதைக் குறிகளால் காட்ட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வரைய வேண்டும். இருபத்தைந்து மதிப்பெண். "ஒளிக்காம போடுங்க. சொந்தக் குடும்பத்தைப் பத்திப் பொய் சொல்றவங்க இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது" என்றார். அவர் தன் குடும்பத்தை எங்களுக்கு வரைந்து காட்டவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்த மாதங்களில் என் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐந்தாம் மாதம் அவளைக் கணவன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்குப் போக விருப்பமில்லை. வாயைத் திறந்து அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மதுரைக் காளவாசலுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு கொல்லையுமாக இருந்த அந்த வாடகை வீட்டில் எதையும் மறைக்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவர் குழந்தையைப் பார்க்க வருவார். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அக்கா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள். அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் மடங்காது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னாள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். நம்புவதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஐந்தாம் மாதம் வருவதற்குள் யாராவது ஒருவர் 'அவள் போக வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, நான்.

அக்காவின் கணவர் வெளியாள் இல்லை. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் தாய்மாமன். மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருந்தார். ஊரில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். வெளியாட்கள் எல்லோருக்கும் அவர் தங்கம்தான்.

அவருக்கு அக்காவைக் கொடுத்த கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அக்கா பெரியவளானபோது வீட்டில் சடங்கு வைத்தார்கள். அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்த பிறகுதான் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் கொண்டுவரும் சேலையைத்தான் முதலில் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதில் ஒரு இழை பிசகக் கூடாது. மாமாவும் அவர் ஆட்களும் ஏறிய பஸ் செக்கானூரணியில் பழுதாகி நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பொறுத்துப் பார்த்துவிட்டு, "நேரம் போனா யாரு திருப்பிக் குடுப்பா?" என்று எழுந்து தண்ணீரை ஊற்றிவிட்டாள். தான் வாங்கிவந்த சேலையைச் சுற்றியும் விட்டாள். கால்மணி நேரம் கழித்து மேளத்தோடு, இருபத்தோரு தட்டோடு மாமா தெருவுக்குள் வந்தபோது, அக்கா ஈரத்தலையும் அத்தையின் சேலையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசல்படி மிதிக்கவில்லை. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தட்டுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிட்டது. தீபாவளிக்குச் சேலை வராது, ஊர்ப் பொங்கலுக்கு அழைப்பு வராது. அம்மா அழுதாள், நேர்ந்துகொண்டாள், ஆள் மேல் ஆள் அனுப்பினாள். கடைசியில் சமாதானம் வந்தது. பெண்ணைக் கொடுத்தால் பழசை மறந்துவிடலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். முறைதானே என்றார்கள் எல்லோரும். பன்னிரண்டு வயது வித்தியாசம் ஒரு வித்தியாசமா என்றார்கள். அப்பா சிம்மக்கல்லில் ஒரு தீவன மொத்தக்கடையில் குடோன் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில்லாப் பூச்சி. அவர் சரி என்றார். அக்காவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

வரைய உட்கார்ந்தபோது முதல் தொந்தரவே இந்தக் கல்யாணம்தான். குறிப்பில் காட்டியிருந்த குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் இருந்தார்கள். நடுவில் படுக்கைவாட்டில் நேர்க்கோடு. எங்கள் வீட்டில் மாமா அம்மாவின் வரிசையில், மேலே இருந்தார். அக்கா என் வரிசையில், கீழே இருந்தாள். இரண்டையும் சேர்த்தால் கோடு சாய்ந்துதான் போனது. மறுநாள் வகுப்பில் பார்த்தால் பாதிப் பேர் தாளில் கோடு சாய்ந்தே இருந்தது. ஒருத்தி தாளில் மூன்று சாய்ந்த கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. பேராசிரியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புத்தகம் எழுதுனவன் மதுரைப் பக்கம் வந்ததே இல்ல போலருக்கு. சாய்ஞ்சா சாயட்டும், போடுங்க" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரம் ஒரு பிற்பகல். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் தரையில் தாளை விரித்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். அக்கா ஒரு கையால் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, பாண்டி ஆடக் கட்டம் போட்டுருக்கியா?"

நான் அவளுக்கு விளக்கினேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு வாரம் ஆகியும் பிடிபடவில்லை. தூளியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் வரிசையில் இருந்த பெருக்கல் குறிகளை விரலால் எண்ணினாள். அம்மாவோடு பிறந்து இறந்தவர்கள் நான்கு பேர். அம்மாவையும் மாமாவையும் சேர்க்கும் கோட்டை நான் நடுவில் வெட்டி, பிறகு அதன் மேலேயே இரட்டைக்கோடு போட்டு ஒட்டவைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் கேட்டாள்.

"இது எதை வச்சு ஒட்டுச்சுன்னு போடலயே?"

"அதுக்குக் குறி இல்லக்கா."

"இல்லயா?" என்றாள். "சரி, எனக்கும் அம்மாவுக்கும் என்ன போட்டுருக்க?"

"ரெட்டைக்கோடு."

"ஒண்ண அழி."

அழித்தேன். "எனக்கும் ஒனக்கும்?" என்று கேட்டாள். மூன்று கோடு என்றேன். அவள் சிரித்தாள், அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு சாய்ந்த கோட்டுக்கு வந்தாள். கல்யாணம் ஆனதைக் காட்டும் கோடு மட்டும்தான் அங்கே இருந்தது. உறவு எப்படி என்று காட்ட நான் எதுவும் போட்டிருக்கவில்லை. என்ன போடுவது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். தன் வட்டத்திலிருந்து தொடங்கி மேலே மாமாவின் சதுரம்வரை ரம்பப் பல் போட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு பல்லையும் அழுத்திப் போட்டாள். பாதியில் முனை உடைந்தது. "சீவிக் குடுடி" என்றாள். பிளேடால் சீவிக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, சதுரத்தில் கொண்டுபோய் முட்டிவிட்டுத்தான் நிறுத்தினாள். தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"அத்தை ஊத்துன தண்ணி இன்னும் காயலயாம்டி" என்றாள், தாளைப் பார்த்துக்கொண்டே. "கோவம் வந்தா அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாக. தெரு முழுக்கப் பாத்துச்சே, தெரு முழுக்கப் பாத்துச்சேன்னு சொல்லிச் சொல்லி…" என்று நிறுத்தினாள். சுண்டுவிரல் நீட்டிக்கொண்டிருந்த கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தை முனகியது. "இம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து தூளிக்குப் போனாள்.

எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பக்கங்களுக்கே அர்த்தமில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வகுப்பில் எல்லோர் தாளிலும் இரட்டைக்கோடும் மூன்று கோடுமாகப் பாசம் வழிந்துகொண்டிருந்தது. என்னிடம் மட்டும் ஒரு நிஜமான கோடு இருந்தது. அதுவும் சம்பந்தப்பட்டவளே தன் கையால் போட்டது. கிடைக்காத சரக்கு கைக்கு வந்துவிட்ட வியாபாரியின் பூரிப்பு. அக்கா பின்னால் தாலாட்டிக்கொண்டிருந்தாள். நான் இதை எப்படி நன்றாகப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அட்டை வாங்கிவந்து, நல்ல பிரதி எடுத்தேன். அக்கா கோணலும் மாணலுமாகப் போட்ட பற்களை நான் ஸ்கேல் வைத்து ஒரே அளவாக்கினேன். ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பு வண்ணம் கொடுத்தேன். கீழே வலது மூலையில் பெட்டி கட்டி, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று முத்து முத்தாகத் தமிழில் எழுதினேன். சிவப்புப் பல்கோட்டுக்கு நேராக 'அடி, அச்சம்' என்று எழுதியிருந்தேன். இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று கிடைத்தது. 'நேர்மையான பணி' என்று பேராசிரியை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். துறை விழாவில் அதைச் சுவரில் மாட்டப்போவதாகவும், முதல் பரிசு எனக்குத்தான் என்றும் சொன்னார். மாட்டலாமா என்று என்னைக் கேட்கவும் செய்தார். பெயர் இல்லையே, வெறும் சதுரமும் வட்டமும்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் சொன்னேன். அக்காவைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பரிசு என்றதும் அம்மா முதலில் கேட்டது, "தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்றுதான். மாமன் இல்லாமல் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டு நான்கு வருடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டில் அவர் வராமல் ஒரு துரும்பும் அசையாது. எனக்குக் கண்ணாடி போட்டபோதுகூட அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். நான் தயங்கினேன். "காலேஜு விழாவுக்கு மாமா எதுக்கும்மா, தூரத்துல இருந்து வரணும்" என்றேன்.

"மேடையில ஒனக்கு மரியாதை செய்யிறாக. தாய்மாமன் இல்லாம என்னடி மரியாதை? பெறகு ஒரு சொல்லு வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அட்டையை எடுத்துவிட வேண்டியிருக்கும். பரிசாகத் தரப்போகும் அந்த ஸ்டீல் தட்டு எனக்கு வேண்டியிருந்தது.

விழா அன்று அப்பாவும் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். அக்கா குழந்தையோடு வீட்டில் இருந்தாள். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். விழா முடிந்து, கேசரியும் மிக்சரும் கொடுத்த பிறகு, "எங்கே, நீ செஞ்ச வேலையக் காட்டு பாப்போம்" என்று எழுந்தார். அட்டைகளைக் கூடத்தின் பக்கச்சுவரில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா ஏதோ கண்காட்சி என்று நினைத்துச் சும்மா பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். அப்பா வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா நின்றுவிட்டார். பெயர் இல்லாத அட்டை. ஆனால் உடன்பிறந்தவர்களை வரிசையாக எண்ணத் தெரியாத சம்சாரி எங்கள் பக்கத்தில் உண்டா? பெருக்கல் குறி போட்ட சதுரத்தில் விரலை வைத்தார். "இது எங்க மூத்தவரு, பாம்பு கடிச்சுப் போனாரே அவரு." அடுத்த வட்டம். "இது பொறந்த பத்தாம் நாளு போன அக்கா." இப்படியே வந்தார். நான்கு இறப்பும் சரியான இடத்தில் இருந்தன. நான் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சரியாகப் போட்டிருந்தேன். கடைசிச் சதுரத்துக்கு வந்ததும், "இது நான்" என்றார், சந்தோஷமாக. அங்கிருந்து விரல் சாய்ந்த கோட்டில் கீழே இறங்கியது. சிவப்பில் வந்து நின்றது. மூலையில் இருந்த பெட்டியைக் குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பெட்டியில் எட்டு வரி இருந்தது. அவர் எட்டையும் படித்தார்.

"இதை யாரு போட்டது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. என்னைச் சுற்றி என் தோழிகள் நின்றுகொண்டிருந்தார்கள். பேராசிரியை இரண்டடி தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான்தான் மாமா, எனக்குத் தோன்றியதைப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கதை கட்டினேன், மார்க்குக்காகப் பொய் எழுதினேன் என்று சொல்லியிருந்தாலும் பாதி உண்மையாக இருந்திருக்கும். என்னை அவர் என்ன செய்துவிடுவார்? நான் அவர் வீட்டில் வாழவில்லை. ஆனால் அவர் கண் என்மேலேயே இருந்தது.

"அக்கா" என்றேன்.

"ம்" என்றார். தட்டில் மிச்சமிருந்த மிக்சரைச் சாப்பிட்டு முடித்தார். பேராசிரியைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "நல்லாச் சொல்லிக் குடுத்துருக்கீக" என்றார். அவர் நன்றி சொன்னார்.

மறுநாள் காலை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒற்றைப்படை மாதத்தில்தான் பிள்ளை பெற்றவளை அனுப்புவார்கள். நகம் வெட்டவே நாள் பார்க்கிற அம்மா அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை. மாமா முந்தின மாலையே அவளிடம் தனியாக ஏதோ சொல்லியிருந்தார். அம்மா அக்காவின் துணிகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுச் சேதியப் பேப்பர்ல எழுதிக் குடுப்பியா? நாலு பேரு பாக்கச் சொவத்துல தொங்கவிட்டு… மறுபடியும் எனக்குப் பொறந்த வீடு இல்லாம ஆக்கணுமா ஒனக்கு?"

அந்தக் கோடு உண்மையா என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. யார் போட்டது என்பது மட்டும்தான் அந்த வீட்டில் பேச்சாக இருந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குழந்தையின் தூளித் துணியை மட்டும் அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். அக்காவே ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்து, உதறி, மடித்து எடுத்துக்கொண்டாள். காரில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். "பெயர் போடலையேம்மா, நாம என்ன செய்ய முடியும்?" என்றார். அடுத்த வருடம் அந்தப் பாடத்தில், பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் உதாரணமாக என் அட்டையைக் காட்டினாராம். ஜூனியர் ஒருத்தி வந்து பெருமையாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. பொங்கல் வரும், தீபாவளி வரும், மாமா மட்டும் வருவார். "அவளுக்கு அங்கன வேலை சரியா இருக்கு" என்பார். அம்மாவுக்குச் சேலை வந்தது, ஊர்ப் பொங்கலுக்கு அழைப்பு வந்தது. அதனால் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. நான் இரண்டு முறை ஊருக்குப் போனேன். அக்கா காபி போட்டுக் கொடுத்தாள், கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கையில் ஒரு தழும்பு புதிதாக இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். நான் எதுவும் கேட்காமல் பஸ் ஏறினேன். எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. கோரிப்பாளையத்திலும் மற்ற இடங்களிலும் வீடு வீடாகப் போய், தெரியாத பெண்களின் கதையைக் கேட்டு, சதுரமும் வட்டமும் போட்டு, பல்கோடு வந்தால் அலுவலகத்தில் சொல்லி ஆள் அனுப்பி, சில பேரை அந்த வீடுகளிலிருந்து வெளியே கொண்டுவந்தும் இருக்கிறேன். நல்ல ஊழியர் என்று பெயர் எடுத்தேன்.

ஆறு வருடம் கழித்து அம்மா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். பிறந்த வீட்டுக் கோடி வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மாமா மேளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் கோடிச் சேலையை ஏந்திக்கொண்டு அவர் பின்னால் வந்தது அக்கா. செத்தவளின் மகளாக வீட்டுக்குள் எங்களோடு உட்கார்ந்து அழ வேண்டியவள், தம்பி பெண்டாட்டியாக வெளியிலிருந்து வந்தாள். வருகிற பெண்களை வாசலில் எதிர்கொண்டு கட்டிக்கொண்டு அழுவது வீட்டு மகளின் முறை. நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே அம்மா. அவள் ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தவள் மாதிரி அழுதாள், நான் அவளைத் தேற்றினேன். எனக்கு மாமாவின் மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்த முறையின் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அக்கா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆறு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான்தான் போட்டேன்னு சொல்லிருக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே புரியாதவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"அதையாடி இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்க? நான் போட்டத நான் போட்டேன்னு சொன்ன. அதுல என்ன இருக்கு? அவுகளுக்குத் தெரியாத சேதியா அது?"

"பெறகு ஏன் எங்கூடப் பேச மாட்டேங்கிற?"

அவள் சேலையை முறுக்கிப் பிழிந்தாள். சொல்லுவதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"எனக்கு வாயால சொல்ல வரல. அதான் பென்சிலை வாங்கிப் போட்டுக் காமிச்சேன். பாத்துட்ட, இனி நீ அம்மாட்டப் போயிச் சொல்லுவ, அப்பாட்டச் சண்டை போடுவ, என்னையப் போக விட மாட்டன்னு நெனச்சேன். படிக்கிற பிள்ளைல்ல. ரெண்டு நாளு பாத்தேன். மூணாம் நாளு எம் பக்கத்துல வந்து உக்காந்த. சரி, கேக்கப் போறான்னு பிள்ளையத் தூளியில போட்டுட்டு உக்காந்தேன். அந்தக் கோட்டுக்குச் செவப்பு நல்லாருக்குமா, ஊதா நல்லாருக்குமான்னு கேட்ட."

எனக்கு அது நினைவில்லை. நான் கேட்டது, அவள் பக்கத்தில் உட்கார்ந்தது, எதுவுமே நினைவில்லை. இன்றுவரை எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"செவப்புன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. பிழிந்த சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.